ஏழுமலை பாலிஷ் போட்ட கண்ணாடி

கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி என் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்து எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரை அதன் வழியாகப் பார்க்கச் சொன்னார். லென்ஸை இடமும் வலமுமாக ஆட்டு என்றார். ஆட்டினேன். காலண்டரில் இருந்த முருகன் நான் ஆட்டிய திசைக்கு எதிர்த்திசையில் நகர்ந்தார்.

"சாமிய நீ நகத்தல. சாமிகிட்டேர்ந்து வர்ற வெளிச்சத்த திருப்பி உட்டுட்ட. அவ்ளோதான் நம்ம பொழப்பு" என்றார் முதலாளி.

கண்ணாடி பார்வையைக் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். அது யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. காற்றில் வரும் வெளிச்சம் கண்ணாடிக்குள் நுழையும்போது வேகம் குறைகிறது. சாய்வாக நுழைந்தால் திரும்புகிறது, வெளியே வரும்போது இன்னொரு தரம் திரும்புகிறது. தண்ணீர் ஒரு அளவு திருப்பும், சாதாரணக் கண்ணாடி அதைவிடக் கூடுதலாகத் திருப்பும், விலை கூடிய மெல்லிய பிளாஸ்டிக் இன்னும் கூடுதலாகத் திருப்பும். முகப்பேரிலிருந்து வரும் கல்லூரிப் பெண்கள் 'சோடா புட்டி வேணாம் ஆன்ட்டி, மெலிசா குடுங்க' என்று கேட்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். கண்ணைச் சோதித்து பவர் எழுதுவதற்கே எங்கள் தொழிலில் ரிஃப்ராக்‌ஷன் என்று பெயர். ஒளி முறிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. எதுவும் முறிவதில்லை, திரும்புகிறது.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் எந்த லென்ஸுக்கு என்ன இண்டெக்ஸ், அதாவது வெளிச்சத்தை எவ்வளவு திருப்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறார்கள். நல்லதுதான். அவர்களுக்காகத்தான் ஏழுமலையின் கதையை எழுதி வைக்கிறேன். அது இண்டெக்ஸ் புத்தகத்தில் இல்லை.

1. காதில் வைத்த பொட்டு

எங்கள் கடை அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காலையில் முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள். தூக்கக் கலக்கத்தில் ஒரு ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மறுநாள் தெளிந்து வந்து 'இது யாரு எடுத்தது' என்று நம்மையே கேட்பார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதற்கும் முன்னால் வாய் வந்துவிடும். கடையில் எல்லோருக்கும் இது தெரியும்.

அன்று வந்தவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் கழுவினாலும் போகாத கறுப்பு. பின்னால் ஒரு பெண், துப்பட்டாவின் முனையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்காரப் போனவள் துப்பட்டாவை எடுத்தாள். அவள் கை நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைப் பிடித்தது. மறுபடி கண்ணைப் பொத்திக்கொண்டு, தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் பொட்டு இல்லை. திருஷ்டி மை காது மடலில் அப்பியிருந்தது, கொஞ்சம் கழுத்திலும் இருந்தது.

"காதுக்கு யாருப்பா பொட்டு வெச்சது? எல்லார் கண்ணும் உன் காது மேலயா?" என்று குழந்தையிடம் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் பெயர் சந்தியா. அவர் ஏழுமலை, அவளுடைய அப்பா. மேனாம்பேட்டில் வீடு, எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பஃபிங், அதாவது பித்தளைச் சாமானுக்குப் பாலிஷ் போடும் வேலை. சந்தியாவின் அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஆனாலும் தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று பிடிவாதமாக மகளை அழைத்துவந்தவர் ஏழுமலை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவது முதல் பத்தியச் சாப்பாடு வரைக்கும் தானே பழகிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார், லீவு நாளில் வந்து போவார்.

சிசேரியன் முடிந்து வீடு வந்து சில நாளில் சந்தியாவுக்குத் தலைவலி வந்தது. தலைவலி போனது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார் கண் டாக்டர். முதுகில் போடும் மயக்க ஊசிக்குப் பிறகு அபூர்வமாகச் சிலருக்கு இப்படி வரும், யார் மேலும் தப்பில்லை, இடது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் நரம்பு சோர்ந்திருக்கிறது, சில மாதத்தில் தானாகத் தேறிவிடும் என்றாராம். அதுவரைக்கும் போட்டுக்கொள்ள பிரிசம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டுத்தான் என் கையில் இருந்தது.

"ரெண்டு குழந்தை தெரியுது மேடம். ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. ரெண்டும் அழுது. எது நிஜம்னு தெரியல" என்றாள் சந்தியா.

ஒருநாள் அப்பா குழந்தையை நீட்டியபோது அவள் கை, அங்கே இல்லாத குழந்தையைப் பிடிக்கப் போயிருக்கிறது. ஏழுமலை தன் பிடியை விடவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து சந்தியா குழந்தையைத் தூக்குவதை விட்டுவிட்டாள். படுத்துக்கொண்டால்தான் பால் கொடுப்பாள், அதுவும் அப்பா கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினால். தன் கையால் செய்யும் வேலை என்று பொட்டு வைப்பதை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் விரல் கிட்டப் போகிறதா தள்ளிப் போகிறதா என்று பிடிபடாமல் எங்கேயோ பட்டுவிடுகிறது. அதைத்தான் நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

"இவன் இப்ப எங்க நைனாகிட்ட போனாத்தான் அழுகைய நிறுத்துறான். என்னைப் பாத்தா அவனுக்கு யாரோ மாதிரி இருக்கு" என்றாள்.

ஏழுமலை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

2. ஆப்பு ஆப்பாக ஒரு ஷீட்

பிரிசம் என்பது ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த கண்ணாடி ஆப்பு. வெளிச்சம் அதற்குள் போனால் தடித்த பக்கமாகத் திரும்பி வெளியே வரும். பார்க்கிறவருக்குப் பொருள் மெல்லிய பக்கமாக நகர்ந்த மாதிரி இருக்கும். சந்தியாவின் இடது கண்ணுக்கு எல்லாம் இடப்பக்கம் தள்ளித் தெரிந்தது. தடித்த பக்கம் காதுப் பக்கமும் மெல்லிய பக்கம் மூக்குப் பக்கமும் இருக்கும்படி ஒரு பிரிசம் வைத்தால், அந்தத் தள்ளிப்போன குழந்தை வலப்பக்கம் நகர்ந்து நிஜக் குழந்தையோடு வந்து சேர்ந்துவிடும்.

அவளுக்கு எழுதியிருந்த நம்பர் பெரியது. அதைக் கண்ணாடியிலேயே செய்தால் ஓரம் கட்டைவிரல் கனத்துக்கு வரும், மூக்கு தாங்காது. அதனால் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் செய்கிறார்கள். பெரிய ஆப்பு ஒன்றுக்குப் பதிலாக மெலிந்த ஆப்புகள் வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் சரிந்து நிற்கும். பார்த்தால் மேலிருந்து கீழாக நெருக்கமான கோடுகள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கோடு. லென்ஸின் அளவுக்கு வெட்டி, தண்ணீருக்குள் வைத்து, வழவழப்பான பக்கத்தை லென்ஸின் உள்பக்கத்தில் ஒட்ட வேண்டும். பசை கிடையாது, காற்று இல்லாமல் அழுத்தினால் அதுவே பிடித்துக்கொள்ளும். நரம்பு தேறத் தேற உரித்துவிட்டு நம்பர் குறைந்த ஷீட்டை மாற்றிக்கொள்ளலாம்.

ஷீட் எங்கள் கடையில் இருப்பு இல்லை, சிட்டியில் சொல்லி வரவழைத்தேன். பவர் இல்லாத கண்ணாடிதான் என்றாலும் ஃப்ரேம் விஷயத்தில் ஏழுமலையோடு ஒரு சண்டை நடந்தது. அவர் பெரிய ஃப்ரேமாகக் கேட்டார், அப்போதுதான் நிறையத் தெரியுமாம். ஷீட்டின் எடைக்கும் ஒட்டுதலுக்கும் சின்ன ஃப்ரேம்தான் சரி என்றேன். உங்க இஷ்டம் மேடம் என்றார், இஷ்டமே இல்லாத குரலில்.

ஒட்டிய கண்ணாடியைப் போட வந்த அன்று சந்தியா ஒரு கேள்வி கேட்டாள். இது கண்ணை ஏமாற்றுவதுதானே, அது தப்பில்லையா என்று. யோசிக்கிற பெண். குழந்தையைக் குளிப்பாட்டும் பாத்திரத்தில் கையை விட்டுப் பார்த்திருக்கிறாயா, மணிக்கட்டு மடங்கின மாதிரி தெரியுமே என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"கை மடங்கல. தண்ணியிலேர்ந்து வெளிய வரும்போது வெளிச்சம் திரும்புது. கண்ணுக்கு அது தெரியாது. கடைசியா எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சோ, அங்கதான் பொருள் இருக்குன்னு நம்பும். உன் கண்ணும் அப்படித்தான். அது பொய் சொல்லல, அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லுது. நாம வழியில ஒரு தரம் திருப்பி விடுறோம், அவ்வளவுதான்."

போட்டுக்கொண்டாள். முதலில் டியூப்லைட்டைப் பார்த்தாள், ஓரத்தில் கலர் தெரிகிறது என்றாள். தெரியும், பிரிசம் என்றால் கொஞ்சம் வானவில் இருக்கும், லேசாக மங்கலாகவும் இருக்கும். பிறகு மெதுவாக வாசல் பக்கம் திரும்பினாள். ஏழுமலை வெளியே குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார். அவளுடைய கை தானாக இடது கண்ணைப் பொத்தப் போய், பாதி வழியில் நின்றது.

"ஒண்ணு" என்றாள்.

நான் தேவைக்கு மேல் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் கண்ணை ஓட்டாதே, தலையைத் திருப்பு. அழுக்குப் பட்டால் தேய்க்காதே, தண்ணீரில் அலசு. ஒரு வாரம் நடந்து பழகு, பிறகு குழந்தையைத் தூக்கு. எல்லாவற்றையும் சந்தியாவிடம் சொன்னேன். ஏழுமலை வெளியே நடந்துகொண்டே இருந்தார்.

3. வெள்ளை சோப்பு

அந்த ஒரு வாரம் முடிவதற்குள் ஏழுமலை தனியாக வந்தார். கண்ணாடியை ஒரு காடாத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இன்னா மேடம் இது. பச்ச ஒடம்புக்காரிக்கு இப்டியா குடுப்பாங்க? உள்பக்கம் பூரா கோடு கோடா கீது. இந்த மாதிரி பீஸு எங்க பட்டறைல வெளிய போச்சுன்னா எங்க மொதலாளி என்னையும் சேத்து வெளிய அனுப்பிருவாரு." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "பரவால்ல, உங்ககிட்ட சண்ட போட வரல. சந்தியா பாப்பா மத்தியானம் தூங்கிக்கினு இருந்துச்சு. நானே ஒக்காந்து சரி பண்ணிட்டேன். ஆனா இப்ப போட்டா மங்கலா கீது, மறுபடியும் ரெண்டா கீதுன்னு சொல்லுது. ஒரு தபா பாத்துருங்க."

துணியைப் பிரித்தேன். வெள்ளை பஃபிங் சோப்பை மெல்லிய பஞ்சுத் துணியில் எடுத்து, கையாலேயே பொறுமையாகத் தேய்த்திருக்கிறார். மெஷினில் கூடப் பிடிக்கவில்லை, சூடு தாங்காது என்று அவருக்குத் தெரியும். மகள் எழுந்து பார்க்கும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். கோடுகளின் முனை எல்லாம் மழுங்கி, நடுவில் வழித்த மாவு மாதிரி ஆகியிருந்தது.

எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை. அவருடைய கறுத்த விரல்கள் அந்த ஃப்ரேமை ஓரத்தில் மட்டும் பட்டும் படாமல் பிடித்திருந்த விதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எஸ்டேட்டில் நூறு கை மாறிப் போகிற பித்தளைக் குழாயில் ஒரு மயிரளவு கோடு இருந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர். மகளின் கண் முன்னால் இத்தனை கோட்டை எப்படி விட்டு வைப்பார்?

உட்காரச் சொன்னேன். ஷீட்டை வெட்டியபோது மிஞ்சிய துண்டு ஒன்று டிராயரில் கிடந்தது. கவுண்டரில் ஒரு பேனாவைப் படுக்க வைத்து, நடுவில் அந்தத் துண்டைப் பிடித்தேன். பேனாவின் நடுப்பகுதி மட்டும் பிய்ந்து தள்ளிப் போய்த் தெரிந்தது.

"ஒவ்வொரு கோடும் ஒரு சின்ன ஆப்புக் கண்ணாடி அண்ணா. கீறல் இல்ல. எல்லாமாச் சேந்துதான் வெளிச்சத்தத் திருப்புது. உங்க பொண்ணுக்கு மருந்தே இந்தக் கோடுதான்."

துண்டை வாங்கி நகத்தால் ஒரு தரம் வருடிப் பார்த்தார். பேனாவின் மேல் அவரே பிடித்துப் பார்த்தார். எடுத்தார், மறுபடி பிடித்தார். பிறகு துண்டைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அது நேத்துதான் மொத மொறையா புள்ளையத் தூக்கறேன் நைனான்னு சொல்ச்சு. பழகிட்டேன், நாளைக்குத் தூக்கறேன்னு. நான் அழிச்சிட்டேனே மேடம்."

சந்தியாவிடம் நான் சொல்லவா, நீங்களே சொல்கிறீர்களா என்று கேட்டேன். நானே சொல்றேன் என்றார். வேறு ஷீட் வரும்வரை கண்ணைப் பொத்திக்கொள்ள ஒரு கறுப்பு மூடி கொடுத்து அனுப்பினேன். கதவு வரை போனவர் திரும்பி வந்து, அந்த மிஞ்சிய துண்டைத் தரமுடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். சும்மா, பாத்துக்கினு இருக்க, என்றார். கொடுத்தேன்.

4. குளிப்பாட்டும் பாத்திரம்

புது ஷீட் வந்ததும் போன் செய்தேன். சந்தியா வரமாட்டேன் என்கிறாள் என்றார் ஏழுமலை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஏறப் பயம், படி எவ்வளவு உயரம் என்றே தெரியவில்லையாம். சரி, நான் வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டுக்குப் போனேன். தொழிலில் இதற்கு ஹோம் விசிட் என்று பெயர். எங்கள் முதலாளிக்குப் பிடிக்காத பெயர், அதனால் அவரிடம் சொல்லவில்லை.

போன நேரத்தில் வீட்டின் பின்பக்கம் குளியல் நடந்துகொண்டிருந்தது. ஏழுமலை லுங்கியை மடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அதன் மேல் குழந்தையைக் கிடத்தி, வெதுவெதுப்பான தண்ணீரைக் கையில் தாங்கித் தாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார். சந்தியா கதவோரம் மூடிய கண்ணோடு நின்று, துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளாக இதுதான் அவளுடைய இடம் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"நைனா சொல்லிருச்சு மேடம்" என்றாள் என்னிடம் மெதுவாக. "சொல்லும்போது அழுதுருச்சு. எங்க அம்மா போனப்பக் கூட என் முன்னாடி அழுததில்ல. இனிமே என் கண்ணாடியத் தொட்டா கைய ஒடச்சிருவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஏழுமலை நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

தண்ணீர் வேண்டும் என்றேன். பக்கத்தில் இருந்த இன்னொரு பாத்திரத்தை நகர்த்தினார். சுத்தமான வெந்நீர்தான், குழந்தைக்கென்று ஆற வைத்தது. அதற்குள்ளேயே ஃப்ரேமை முக்கி, ஷீட்டை ஒட்டி, கட்டைவிரலால் காற்றை ஓரத்துக்குத் தள்ளினேன். துடைத்துக் கொடுத்தேன். சந்தியா மூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் போட்டாள். குழந்தையைப் பார்த்தாள். ஒன்று என்று இந்த முறை வாயால் சொல்லவில்லை, விரலைக் காட்டினாள்.

"வா, நீ ஒக்காரு" என்றார் ஏழுமலை.

பயமாக இருக்கிறது என்றாள். எனக்கும்தான் பயமா கீது, ஒக்காரு என்றார். தையல் எல்லாம் ஆறியிருந்தது. சுவரைப் பிடித்து இறங்கி, மணையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் குழந்தையை அவள் காலில் கிடத்தினார். ஈரக் குழந்தை வழுக்கும். அவள் ஒரு கையால் தலையைத் தாங்கினாள், தாங்கிய கை சரியான இடத்தில் இருந்தது. மறு கையால் தண்ணீர் ஊற்றினாள். இடப்பக்கம் சொம்பு எடுக்கும்போது நான் சொன்னபடி தலையைத் திருப்பினாள்.

ஏழுமலை எதிரில் குந்தியிருந்தார். குழந்தைக்கு ஒரு சாண் கீழே, இரண்டு கையையும் ஏந்தினபடி வைத்திருந்தார். குளியல் முடியும்வரை எடுக்கவே இல்லை. குழந்தை முதலில் முகத்தைச் சுளித்தான், அழுதான், புதுக் கை அல்லவா. பிறகு அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அடங்கிவிட்டான். சந்தியா அழுதாள், சிரித்தாள், இரண்டும் தண்ணீரோடு போய்விட்டன. நான் ஏதோ வேலை இருப்பது போல என் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

5. மறுபடியும் இரண்டு

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகப் போனது. நடுவில் டாக்டர் பார்த்து ஒருமுறை நம்பரைக் குறைத்தார், ஷீட்டை மாற்றினேன். குழந்தை குப்புற விழ ஆரம்பித்திருந்தான். சந்தியா புருஷன் வீட்டுக்குத் திரும்பும் நாளைப் பேச ஆரம்பித்திருந்தாள்.

ஒருநாள் காலை கடைக் கதவைத் தூக்கும்போதே போன் வந்தது. ஏழுமலை. குரலே சரியில்லை.

"யம்மா, பாப்பாக்கு மறுபடி ரெண்டா தெரியுதாம். ரெண்டு நாளா தலவலின்னுச்சு, இன்னிக்கு காலைல ரெண்டு புள்ள தெரியுதுன்னு சொல்லி கீழ எறக்கி உட்டுட்டு ஒக்காந்துகினு கீது. நான் தொடவே இல்லமா கண்ணாடிய. சத்தியமா தொடல."

உடனே வரச் சொன்னேன். வந்தார்கள். சந்தியா பழையபடி துப்பட்டாவைக் கண்ணில் பொத்தியிருந்தாள், குழந்தை பழையபடி ஏழுமலையின் தோளில். அந்தக் காட்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஷீட் சரியாக ஒட்டியிருந்தது, கோடுகள் கூர்மையாக இருந்தன, தடித்த பக்கம் வெளியே இருக்க வேண்டியபடி இருந்தது. கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. அதைத் திருப்பிப் போடச் சொல்லி, எதிரே ஒரு பேனாவை நிறுத்தி, இரண்டில் இடது கண்ணுக்குத் தெரிவது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன்.

வலப்பக்கம் என்றாள்.

முதல் நாள் அது இடப்பக்கம் இருந்தது. கண்ணாடியைக் கழற்று, துப்பட்டாவால் பொத்தாதே, வெறுங்கண்ணால் பார் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். கண்ணாடி வந்ததிலிருந்து அவளாக இரண்டு கண்ணையும் வெறுமனே திறந்து பார்த்ததே இல்லை. கண்ணாடி, இல்லாவிட்டால் துப்பட்டா. தூங்கி எழுந்தால்கூடக் கண்ணைத் திறக்கும் முன்னே கண்ணாடியைத் தேடுவாளாம்.

"ஒரு தரம் பாரு, கண்ணு" என்றேன்.

கழற்றினாள். பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்பாவின் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். நெடுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் தேறிவிட்டது. தேறின கண்ணுக்கு முன்னால் பிரிசம் நின்றுகொண்டு, திருப்ப வேண்டாத வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. அவள் பார்த்த இரண்டாவது குழந்தையைச் செய்தது நோய் இல்லை, எங்கள் கண்ணாடிதான். ஆனால் அதை முடிவாகச் சொல்வது என் வேலையில்லை. அப்போதே டாக்டரிடம் அனுப்பினேன். மாலை திரும்பி வந்தார்கள். நரம்பு நன்றாக வேலை செய்கிறது, ஷீட்டை எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்.

கண்ணாடியை ஏழுமலையின் முன்னால் வைத்தேன். நீங்களே உரித்து எடுங்கள் அண்ணா என்றேன். அவர் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேணாம்மா, என் கை ராசியில்ல என்றார். சந்தியா குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நேராக, தடவாமல், நிஜக் குழந்தையைப் பிடித்து வாங்கினாள். காலியான தன் கைகளை ஏழுமலை கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்து, ஓரத்தை நகத்தால் நெம்பி, ஒரு கீறலும் விழாமல் ஷீட்டை உரித்தார். அதைத் தூக்கிப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பையில் ஏற்கெனவே ஒரு துண்டு இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். கண்ணாடியை எப்படித் துடைப்பது என்று போடுகிறவரிடம் மட்டும் சொல்லாதீர்கள், அந்த வீட்டில் அவர் மேல் உயிரையே வைத்திருப்பவர் யார் என்று பார்த்து அவரிடமும் சொல்லுங்கள். கண்ணாடி சரியில்லை என்று யாராவது வந்து நின்றால் ஃப்ரேமைத் திருகுவதற்கு முன்னால், கண் நல்லபடியாகிவிட்டதோ என்று ஒரு தரம் பாருங்கள். ஒத்தாசைக்கு வைத்தது ஒத்தாசை முடிந்த பிறகும் நின்றால் தொந்தரவுதான்.

அன்று கிளம்பும்போது சந்தியா பையிலிருந்து மை டப்பாவை எடுத்தாள். வெளியே போகிறோம், இருட்டுகிற நேரம், பொட்டு வைக்காமல் எப்படி என்றாள். வெறுங்கண்ணோடு, குழந்தையை மடியில் உட்கார வைத்து, விரலில் மையைத் தொட்டு, கன்னத்தைப் பார்த்து வைக்கப் போனாள். "பாத்துமா" என்றார் ஏழுமலை.

பொட்டு காதில் விழுந்தது.

நானும் ஏழுமலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுந்தே விட்டார்.

சந்தியா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள்.

"இல்ல நைனா, நான் சரியாத்தான் வெச்சேன். உன் கொரலக் கேட்டு இவன்தான் திரும்பிட்டான்."